பக்கத்துல நிக்கிறவரு

காவல்துறையை விட்டு வெளியே வந்த பிறகு என்னைப் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள். நான் மைக்கைப் பிடித்ததும் முன்வரிசையிலிருந்து ஏதாவது ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்களுக்குப் பயமே வராதா?" என்று கேட்டுவிடும். நானும் சிரித்துக்கொண்டே தைரியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். பச்சைப் பொய். சர்வீஸ் முழுவதும் நான் பயந்து பயந்துதான் வேலை பார்த்தேன். ரவுடிக்குப் பயந்ததில்லை, கல்லெறிகிற கூட்டத்துக்குப் பயந்ததில்லை. மேலதிகாரியின் தொலைபேசிக்குப் பயந்தேன். காகிதத்துக்குப் பயந்தேன். அந்தப் பயம் ஒருமுறை ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம். நேரடித் தேர்வில் டி.எஸ்.பி. ஆகி, பயிற்சி முடித்து, முதல் பொறுப்பாக விருத்தாசலம் உட்கோட்டத்தைக் கொடுத்திருந்தார்கள். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தகுதிகாண் பருவம் முடியவில்லை. ஒரே ஒரு கெட்ட குறிப்பு கோப்பில் ஏறினாலும் போச்சு என்ற நினைப்போடுதான் தினமும் தொப்பியை எடுத்து மாட்டுவேன். காலை ஏழரைக்கு எஸ்.பி. அய்யா கூப்பிடுவார். ஏழேகாலுக்கே தொலைபேசிப் பக்கத்தில் போய்விடுவேன். நின்றுகொண்டேதான் பேசுவேன். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும்மா, கதை அளக்காதே" என்பார். தெரியலை என்று சொன்னால், "அப்புறம் நீ எதுக்கு அங்கே?" என்பார்.

ஊரின் ஓரத்தில் பீங்கான் பட்டறைகள் வரிசையாக இருந்தன. ஃப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு, கொலு பொம்மை என்று ஆளுக்கு ஒன்று செய்தார்கள். அந்தச் சாலையில் பதினொரு மாதம் தினமும் ஜீப்பில் போய்வந்திருக்கிறேன். ஒருநாளும் இறங்கி உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. திருட்டுப் புகார் வந்தால்தானே போலீஸ் இறங்கும்? அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மடத்தனமாக.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு மந்திரி ஊருக்கு வருவதாக இருந்தது, ஏதோ கட்டடம் திறக்க. புதன்கிழமை காலை தனிப்பிரிவுக் காவலர் ஒருவர், உளவு சேகரிப்பதுதான் அவர் வேலை, நாலாக மடித்த ஒரு தாளை என் மேஜையில் வைத்தார். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவரும் என்னைப் போல வெளியூர். பட்டறைகளுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் ஒருவன் பேசியதைக் காதால் கேட்டு எழுதியிருந்தார். ஒரே வரி: 'மந்திரியை வெள்ளிக்கிழமை சுட்டுடலாம் என்று தொலைபேசியில் சொன்னான்.'

தாளை இரண்டு முறை படித்தேன். "முன்னாடி பின்னாடி என்ன பேசினான்?" என்று கேட்டேன். "பஸ்ஸு ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு மேடம், வேற ஒண்ணும் கேட்கலை" என்றார். ஆளை விசாரித்து வைத்திருந்தார். கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர், நாற்பது வயது. நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நிலம் போனவர்கள் செய்த மறியலில் உட்கார்ந்தவர் என்று எங்கள் பட்டியலில் பெயர் இருந்தது. இப்போது ஒரு பட்டறையில் கூலி வேலை. நிலம் போன கோபம், மறியல், மந்திரி, வெள்ளிக்கிழமை. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இத்தனை கச்சிதமாகப் பொருந்துகிற விஷயத்தைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும் என்று பின்னால்தான் கற்றுக்கொண்டேன்.

என் அலுவலகத்தில் ஒரு ஏட்டு இருந்தார். உள்ளூர்க்காரர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. தாளை அவரிடம் நீட்டி, "ஏட்டய்யா, இந்த ஆள் எப்படிப்பட்டவன்?" என்றேன். படித்தார். பிடரியைச் சொறிந்தார். எதையோ சொல்ல வந்து மென்று முழுங்கினார்.

"சாதுவான ஆளுதாங்கம்மா. பாத்து செய்யிங்க" என்றார்.

அவர் பயப்படுகிறார் என்று நினைத்தேன். உண்மைதான். ஆனால் எதற்குப் பயப்படுகிறார் என்பதைத் தப்பாக எடுத்துக்கொண்டேன்.

அவசரச் செய்தியை நானே உட்கார்ந்து எழுதினேன். அலுவலகத் தமிழுக்கு ஒரு பழக்கம் உண்டு, எல்லாவற்றுக்கும் சட்டை மாட்டிவிடும். காவலர் எழுதிய 'மந்திரி' என் பேனாவில் 'மாண்புமிகு அமைச்சர் அவர்கள்' ஆனார். 'சுட்டுடலாம்' என்பது 'சுட்டுக் கொலை செய்யத் திட்டமிட்டு' ஆனது. ஏட்டய்யா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் பெருமூச்சு விட்டார். தாள் ஃபேக்ஸில் போயிற்று.

பத்து நிமிடத்தில் எஸ்.பி. அய்யாவே கூப்பிட்டார். "குட். இப்படித்தான் இருக்கணும்" என்றார். பதினொரு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, மறைப்பானேன்? அன்று மதியம் இரண்டு தட்டு சாப்பிட்டேன். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் மாவட்டத்திலிருந்து வந்த தனிப்படை அந்தத் தொழிலாளியைப் பட்டறையிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனது. எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அலுவலகத்துக்குப் போனபோது வாசல் வேப்பமரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தார். ஒரு கையில் மருந்துக்கடைக் காகிதப் பை. இன்னொரு கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒரு பொருள், தூங்குகிற குழந்தையைப் பிடிப்பது போல் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். ஏழு மணியிலிருந்து நிற்பதாகக் காவலர் சொன்னார். உள்ளே கூப்பிட்டேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்கூட்டுக்காரர நேத்து கூப்புட்டுக்கிட்டுப் போனாங்கம்மா. எங்க இருக்காருன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. அவருக்கு வலிப்பு இருக்குதுங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு மாத்திர போடணும். நேத்து சாயங்காலமே போடல. ரெண்டு வேள தவறுனா வந்துடும்ங்க." காகிதப் பையை மேஜையில் வைத்தார். "இத மட்டும் குடுத்துடுங்கம்மா. அவர விடக்கூட வேணாம். இத மட்டும் குடுங்க."

"உன் வீட்டுக்காரர் என்ன பேசினார்னு தெரியுமா?" என்று அதட்டினேன். அதட்டும்போது பயம் தெரியாது, அதனால்தான் நாங்கள் அதட்டுகிறோம். "மந்திரியைச் சுடணும்னு போன்ல பேசியிருக்கார்."

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லத் துண்டைப் பிரித்து, உள்ளே இருந்ததை இரண்டு கையாலும் என் கண்ணாடி மேஜை மேல் வைத்தார்.

ஒரு முழ உயரத்துக்கு வெளுத்த களிமண் பொம்மை. தலைப்பாகை, மீசை, கை கட்டி நிற்கிற தோரணை. வர்ணம் பூசவில்லை. கண்கள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"இதாம்மா மந்திரி" என்றார். "ராசா, ராணி, மந்திரி. கொலுவுல தர்பார் செட்டு. சேலத்துக் கடைக்காரரு கேட்டுருந்தாங்க. ராசா ராணியச் சுட்டு எடுத்தாச்சி. மழையில மந்திரி மட்டும் காயல. ஈரத்தோட சுட்டா வெடிச்சிடும்ங்க. அதான் வெள்ளிக்கெழம சுட்டுடலாம்னு போன்ல சொல்லிட்டு வந்தேன்னாரு. பட்டறையில எல்லாருந்தான் அப்படிச் சொல்லுவோம். நாங்கூடச் சொல்லுவேன்."

ஏட்டய்யாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அந்தப் பெண்ணை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். "உங்களுக்கு நேத்தே தெரியுமா?"

"இந்த ஊருல சுடுறதுன்னா சூளதாங்கம்மா."

"அப்புறம் ஏன்யா சொல்லலை?"

"ஆளு எப்படின்னு கேட்டீங்க, சொன்னேன். வார்த்தை என்னான்னு கேக்கலீங்களே. நாஞ் சொல்லி, நாளைக்கி நெசமாவே எதனா ஆயிட்டா? ஏட்டு சொல்லித்தான் விட்டேன்னு எழுதிடுவாங்க. ரெண்டு வருசத்துல பென்சனு." பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "தாள்ல வெறும் மந்திரின்னு இருந்தப்பக்கூட சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க மாண்புமிகுன்னு போட்டீங்க. அதுக்கப்புறம் என்னாத்தச் சொல்றது?" என்றார்.

எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அறைய என்ன யோக்கியதை எனக்கு? இரண்டு பேரும் ஒரே பயத்தைத்தான் ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டிருந்தோம்.

இனிமேல் நடந்ததைத்தான் இத்தனை வருஷமாக நான் என்னிடமே மறைத்து வைத்திருக்கிறேன். அப்போது மணி பத்து. தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எஸ்.பி. அய்யாவைக் கூப்பிட்டு, 'அய்யா, நான் அனுப்பிய செய்தி தப்பு, அந்த ஆளுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும்' என்று சொன்னால் போதும். இரண்டே வாக்கியம். என்னால் முடியவில்லை. ரிசீவரை எடுப்பேன், டயல் டோன் கேட்கும், வைத்துவிடுவேன். அந்தச் செய்தி அதற்குள் சென்னைக்குப் போயிருக்கும். 'பொம்மைக்கும் மந்திரிக்கும் வித்தியாசம் தெரியாத டி.எஸ்.பி.' என்று மாநிலம் முழுக்கச் சிரிப்பார்கள். தகுதிகாண் பருவம் அத்தோடு முடிந்தது. திருநெல்வேலியில் அப்பா என்னைப் பற்றிய பத்திரிகைத் துண்டை வெட்டி ஒட்டிவைத்திருந்த நோட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது.

தனிப்படை இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன். "எஸ்.பி. அய்யா உத்தரவு இல்லாமே இடம் சொல்ல முடியாது மேடம்" என்றார். "வலிப்பு நோயாளி, மாத்திரை வந்திருக்கு" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்வாங்க" என்றார். அப்பாடா, நம்மால் ஆனதைச் செய்துவிட்டோம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

சரி, சந்தேகமில்லாமல் உறுதி செய்துகொண்டு பேசுவோம் என்று பட்டறைக்குக் கிளம்பினேன். உறுதி செய்ய ஒன்றுமே இல்லை. நேரத்தைக் கடத்தினேன், அவ்வளவுதான். முதலாளிக்கு என் ஜீப்பைப் பார்த்ததும் வேர்த்துக் கொட்டியது. உள்ளே பலகை மேல் பதினோரு மந்திரிகள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள், பன்னிரண்டாவது என் மேஜையில். கண் எழுதுகிற வேலை யாருடையது என்று கேட்டேன். "அவருதாங்க. இந்த ஊருலியே அவரு மாதிரி கண்ணு எழுத ஆளு கெடையாது" என்றார் முதலாளி. சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று பயந்து, "இனிமே வேலைக்கு வேணான்னா நிறுத்திடறங்க" என்றார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினேன். அச்சில் ஊற்றுகிறவர், சூளையில் அடுக்குகிறவர், மண் அரைக்கிறவர் எல்லோரும் ஒரே மாதிரி நடுங்கினார்கள். 'சுடுவது' என்ற வார்த்தை வரவேண்டிய இடத்தில் எல்லோருக்கும் நாக்கு தடுக்கியது.

அலுவலகத்துக்குத் திரும்பும்போது மணி மூன்றேமுக்கால். அந்தப் பெண் மரத்தடியிலேயே இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "குடுத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் தொலைபேசியை எடுத்தேன். நல்ல மனசால் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அப்படியில்லை.

எஸ்.பி. அய்யா முழுவதும் கேட்டார். நான் எதிர்பார்த்த வசை எதுவும் வரவில்லை. "இப்போ என்ன சொல்ல வர்றே? பேப்பர் மேலே போயாச்சு. தப்புன்னு இன்னொரு பேப்பர் போகாது" என்றார். "விசாரிச்சோம், நடமாட்டத்தைக் கண்காணிக்கிறோம்னு முடிச்சுக்கலாம். ஆளைக் கொண்டுபோய் வீட்டிலே விடு." இடத்தைச் சொன்னார். அவ்வளவுதான். காலையிலிருந்து நான் செத்துச் செத்துப் பிழைத்தது அரை நிமிடப் பேச்சுக்கு.

திட்டக்குடி போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி, புழக்கத்தில் இல்லாத ஒரு பழைய கட்டடம். காகிதப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் போனேன். சாலை முழுக்கக் கரும்பு டிராக்டர். டிரைவரை விரட்டிக்கொண்டே இருந்தேன். உயிரோடு இருக்க வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது, டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அந்த மனிதருக்காக வேண்டினேனா, எனக்காக வேண்டினேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உயிரோடு இருந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து, சட்டை முன்பக்கம் ஈரமாக இருந்தது. வலது கை மணிக்கட்டு புடைத்துத் திரும்பியிருந்தது. "ரெண்டு மணிக்கு வலிப்பு வந்துடுச்சு மேடம். படிக்கட்டுலே விழுந்துட்டார். நாங்க யாரும் கை வைக்கலை" என்றார் இன்ஸ்பெக்டர். நம்பினேன். அது நிஜமாகத்தான் இருக்கும். அதுதான் எனக்குக் கொடுமையாக இருந்தது. அடித்திருந்தால் பழியைப் போட ஒரு ஆள் இருந்திருக்கும். இரண்டு மணிக்கு வந்த வலிப்புக்கு, பத்து மணியிலிருந்து மாத்திரையை வைத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியில் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருப்பதாகச் சொல்லிக் கட்டுப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மந்திரி வந்தார், கட்டடத்தைத் திறந்தார், போனார். விழாக்குழுவினர் நினைவுப் பரிசாக ஒரு பீங்கான் தர்பார் செட் கொடுக்க இருந்தார்களாம். பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி அதை நிறுத்திவிட்டு சால்வை போடச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. போலீஸிடம் யார் கேட்பார்கள்?

சனிக்கிழமை அந்தத் தொழிலாளியையும் மனைவியையும் வரவழைத்தேன். தானாக விசாரணைக்கு வந்ததாகவும், தவறி விழுந்ததாகவும், யார் மேலும் புகார் இல்லை என்றும் தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. நான் எழுதியதுதான். பேனாவை நீட்டினேன்.

"கையெழுத்துப் போடுவங்கம்மா, எட்டாவது வரிக்கும் படிச்சிருக்கன். கைதான்..." என்று கட்டைக் காட்டினார். இடது பெருவிரலில் மை தடவி உருட்டினார் ஏட்டய்யா.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சீருடையில் இருக்கும்போது அந்த வார்த்தை வராது போலிருக்கிறது. "இனிமே பயப்பட வேண்டாம். உங்க வேலையைப் பாருங்க" என்றேன். அவர் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது." நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டார். "இனிமே நாங்க அத என்னான்னுங்க சொல்றது?"

நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்க" என்றேன். "சரிங்கம்மா" என்று தலையை ஆட்டினார், போலீஸ்காரர் சொல்வதற்கெல்லாம் ஆட்டுகிற மாதிரி.

அவர்கள் போன பிறகு மேஜை ஓரத்திலிருந்த மண் பொம்மையை ஒரு காவலர் வெளியே எடுத்துக்கொண்டு போய் வைத்தார். மறுநாள் பெய்த மழையில் அது கரைந்துபோயிற்று.

அந்த வருஷ ரகசியக் குறிப்பில் எனக்கு 'முன்னெச்சரிக்கை மிக்கவர்' என்று எழுதினார்கள். தகுதிகாண் பருவம் நல்லபடியாக முடிந்தது. பிறகு பதவி உயர்வு, வேறு மாவட்டம், மறுபடியும் உயர்வு. ஒவ்வொரு முறை கோப்பு மேலே போகும்போதும் அந்த இரண்டு சொற்களும் கூடவே போயின. யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு துறை விசாரணைக்காக விருத்தாசலம் போக வேண்டியிருந்தது. வேலை மதியமே முடிந்துவிட்டது. சாதாரணச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு, அந்தப் பட்டறைக்கு நடந்தே போனேன். அவர் இருப்பாரோ என்று பயம், இல்லாமல் போய்விட்டாரோ என்று அதைவிடப் பயம். முன்பக்கம் சின்னதாக ஒரு கடை போட்டிருந்தார்கள். இருபது வயதுப் பெண் ஒன்று பொம்மைகளை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தது. கண் எழுதுகிறவரைப் பற்றி விசாரித்தேன். "கம்மாபுரத்துக்காரங்களா? இருக்காருக்கா. இப்ப கண்ணு எழுதறதில்ல, கை வராது. பின்னால மண்ணு சலிக்கிறாரு. கூப்புடட்டுமா?" என்றது.

வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன். பேச்சை மாற்ற, அலமாரியில் நின்ற ராஜா ராணியைக் காட்டி, "மந்திரி இல்லையா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் சட்டென்று ரோட்டைப் பார்த்தது. கையிலிருந்த வைக்கோலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தது.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. இங்க அந்தப் பேரு சொல்றதில்ல. பக்கத்துல நிக்கிறவருன்னு சொல்லுவோம். அவரு இன்னும் வேகல, நாளைக்கித்தான் வேக வெப்பாங்க. ஒரே ஒருத்தரு மட்டும் போன தடவ வெந்தது இருக்காரு, தரட்டுமா?"

"சுடுறதுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"அய்யய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டது.

"ஏன்?"

"தெரியலக்கா. நான் வேலைக்கிச் சேந்தப்பவே அப்படித்தான். சொன்னா புடிச்சிக்கிட்டுப் போயிடுவாங்கன்னு சொல்லுவாங்க."

பின்பக்கத்திலிருந்து மண் சலிக்கிற சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒற்றைக் கையால் ஆட்டுகிற சல்லடை. எழுந்து உள்ளே போயிருக்கலாம். பத்தடிதான். போகவில்லை. அந்தப் பெண் ராஜாவையும் ராணியையும் கட்டி முடித்துவிட்டு, இன்னும் வேண்டுமா என்பது போல் என்னைப் பார்த்தது. நானும் ரோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பக்கத்துல நிக்கிறவரையும் சேர்த்தே கட்டிடும்மா" என்றேன்.